கும்மிடிப்பூண்டியில் ஒன்பது செல் வாங்கி எட்டோடு திரும்பினேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய் பேட்டரி செல் வாங்கி வந்தேன். குரூப்பில் படம் போட்டதிலிருந்து எப்படிப் போனீங்க, இடம் நம்பலாமா, பொருள் அசலா என்று இருபது பேராவது கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. பையன் தூங்கிவிட்டான், பாத்திரமும் கழுவியாயிற்று. இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில், ஏன் போனேன் என்பது. என் மகன் நிலவனுக்கு மூன்றரை வயது. குளிர் காற்று பட்டால் இழுப்பு வந்துவிடும். மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் வீட்டில் இருக்கிறது. இழுப்பு அதிகமான வாரங்களில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். மழை தொடங்கிய ஒரு சாயங்காலம், மெஷின் போட்டு மூன்றாவது நிமிடத்தில் கரண்ட் போனது. நாற்பது நிமிடம் வரவில்லை. பைக்கில் நடுவில் அவனை உட்காரவைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். வழி நெடுக அவன் முதுகில் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனேன். அதை மறுபடியும் எண்ண எனக்குத் தெம்பு இல்லை.

சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் சின்ன நெபுலைசர் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன், ஆன்லைனில். இரண்டே மாதம். இன்வெர்ட்டர் வைக்கலாமே என்பீர்கள். வாடகை வீடு, வயரிங்கில் கை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கடையில் விற்கும் ரெடிமேட் பவர் பெட்டியின் விலையைக் கேட்டு போனை வைத்துவிட்டேன். நான் இ.சி.இ. படித்தவள். வேலையை விட்டு மூன்று வருடம் ஆனாலும் சால்டரிங் இரும்பை விடவில்லை. எட்டு செல், ஒரு பாதுகாப்பு போர்டு, ஒரு சின்ன இன்வெர்ட்டர் இருந்தால் மெஷினை அரை மணி நேரம் ஓட்டிவிடலாம். செல்லைத் தவிர மற்றதெல்லாம் வாங்கியாயிற்று.

செல்தான் பிரச்சினை. லித்தியம் செல்லில் இரண்டு வகை உண்டு. ஒன்று போன், லேப்டாப்பில் இருப்பது. அடிபட்டாலோ சூடேறினாலோ தீப்பிடிக்கும். இன்னொன்று எல்.எஃப்.பி. என்று சொல்வார்கள், இரும்பு பாஸ்பேட் கலந்தது. லேசில் தீப்பிடிக்காது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுதான் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே உருளை வடிவத்தில், ஒரே அளவில் கிடைக்கின்றன. மேலே இருக்கும் நீல உறை வெறும் பிளாஸ்டிக். பழைய உறையைக் கிழித்துவிட்டு எதன் மேலும் புது உறை போட்டு, எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நம் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு நம் குரூப்பைப் பற்றி ஒரு வரி. எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குக்காரர்கள் நாங்கள். அந்த வாரம் வாங்கிய சாமானை ஞாயிற்றுக்கிழமை நியூஸ் பேப்பர் மேல் பரப்பி, அளவு தெரிய பக்கத்தில் ஐந்து ரூபாய் காசு வைத்துப் படம் போடுவோம். கூடவே மீட்டரில் அளந்த அளவும் போட வேண்டும். அளவு இல்லாத படத்தை அட்மின் நீக்கிவிடுவார். அங்கேதான் 'சர்க்யூட் சாமி' என்ற பெயரில் இருப்பவர் பன்னிரண்டு எல்.எஃப்.பி. செல் படம் போட்டிருந்தார். ஒன்று நூற்றுத் தொண்ணூறு ரூபாய், கும்மிடிப்பூண்டி குடோன். கடை விலையில் இது பாதிதான். பாதி விலை என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இடம் கேட்டதற்கு மேப் அனுப்பி, "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். கமிஷன்காரர் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழே கால் மணிக்குக் கிளம்பினேன். என் கணவர் ராஜேஷ் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார். பம்ப் மருந்து எங்கே, எத்தனை அழுத்து, எப்போது எனக்கு போன் செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "சண்ட மட்டும் போடாம வா வித்யா."

திருவள்ளூரில் 7.35 மின்சார ரயில். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம், சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. எனக்கு அங்கே இருபத்தைந்து நிமிடக் காத்திருப்பு. ரயிலில் மொத்தம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் போகவர ஐம்பது ரூபாய்க்குள்தான். பெரியபாளையம் வழியாகப் பேருந்திலும் போகலாம், தூரம் குறைவு. ஆனால் திரும்பும்போது பையில் பேட்டரியோடு நெரிசலில் நிற்க எனக்கு மனமில்லை. அத்திப்பட்டு தாண்டியதும் வலது பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூரில் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குழந்தை இருமியது. மாஸ்க் போடச் சொல்லலாமா என்று வாயெடுத்துவிட்டு அடங்கிக்கொண்டேன். பத்தேகால் மணிக்குக் கும்மிடிப்பூண்டி.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ராஜேஷுக்கு அனுப்பினேன். அதை டிரைவர் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம், போட்டால்லாம் எடுக்கறீங்க. சிப்காட்ல எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லண்ணா. ஸ்கிராப் குடோன்."

கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தார். "ஜிஎஸ்டியா?"

"இல்ல."

"பொல்யூஷனா?"

"அய்யோ இல்லண்ணா, சாமான் வாங்கப் போறேன்."

"போன மாசம் ஒருத்தர் இப்டித்தான் சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிக்கினு வந்தாரு. மறுநாளு ரெண்டு ஜீப்பு வந்துச்சு. அவர இட்டாந்து உட்டது நான்தான்னு ஒரு வாரம் அந்தத் தெரு பக்கமே என்னைய உடல. பேஜாராப் பூடுச்சு."

குடோனுக்கு நூறு மீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்தினார். "இங்கியே எறங்கி நடந்துக்கோங்க மேடம். நீங்க யாரோ, நான் யாரோ."

எனக்கும் அந்த ஏற்பாடு சரியாகவே பட்டது.

சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. இரும்பு உருக்கும் வாடை. சரிந்த தகரக் கூரை, பச்சை கேட், கேட்டுக்குள் ஒரு பெரிய எடைமேடை. பெயர் எழுதமாட்டேன், கேட்காதீர்கள். உள்ளே ஒரு பக்கம் மோட்டார்கள், ஒரு பக்கம் கேபிள் சுருள்கள், டிரம் டிரம்மாக சர்க்யூட் போர்டுகள். நம் ஆட்கள் யாராவது பார்த்தால் அங்கேயே பாய் போட்டுவிடுவார்கள். முதலாளி பாஸ்கர், நாற்பத்தைந்து வயது இருக்கும், போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"டப்பு வந்தா சரக்கு நைனா. டப்பு இல்லயா, லாரிய திருப்பிக்கினு போ." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா வேணும்மா? யாரு அனுப்ச்சது?"

சர்க்யூட் சாமி அனுப்பினார் என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பெயர் என் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

"எந்தச் சாமி? இங்க கோயில் எதுவும் இல்லியே." என் தோள் பையைப் பார்த்தார். மீட்டர் வயர் வெளியே எட்டிப் பார்த்தது, கையில் நோட்டு. "இன்னா எழுதிக்கினு வந்த? எல்லாத்துக்கும் பில் வெச்சிருக்கோம். ஏலத்துல எடுத்த சரக்கு இது. எந்தக் கம்பெனி ஆளு நீ?"

நான் அவரைத் திருடர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் என்னைத் திருட்டுப் பிடிக்க வந்தவள் என்று நினைத்தார். இருவரும் கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றோம். அப்போது உள்ளிருந்து சுடிதார் மேல் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தார். பெயர் ஸ்டெல்லா. செல்களைச் சோதித்துப் பிரித்து வைப்பது அவர் வேலை. அதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் பேட்டரி அடுக்கும் பிரிவில் இரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"கைய காட்டுங்க சிஸ்டர்."

காட்டினேன். வலது ஆள்காட்டி விரலில் பழைய சூட்டுத் தழும்பு, அதன் பக்கத்தில் போன வாரத்துப் புதுசு. ஸ்டெல்லா தன் விரலைப் பக்கத்தில் நீட்டினார். அதே இடத்தில் அதே மாதிரி இரண்டு.

"அண்ணே, ஆபீஸர் எவளும் சால்டர் வெச்சு கையச் சுட்டுக்க மாட்டா. உள்ள உடுங்க. அந்தச் சாமி ஆளுதான் இவங்களும்."

உள்ளே போகும்போது கேட்டே விட்டேன். "அந்தச் சாமிக்கு கமிஷன் எவ்ளோங்க?"

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் எடைமேடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "கமிஷனா? ரெண்டு செல்லு வாங்க மூணு மணி நேரம் நிப்பாரு சிஸ்டர். டீயும் நம்ம செலவு, நாஷ்டாவும் நம்ம செலவு. அவரு போறதுக்கு வேணா நாங்க கமிஷன் குடுக்கலாம்."

செல்கள் அட்டைத் தட்டுகளில் வரிசையாக இருந்தன, தட்டுக்கு ஐம்பது. நீல உறை, சுருக்கமில்லாத அச்சு. ஒரு தொழிற்சாலை மாடலை மாற்றியபோது மிஞ்சிய சரக்கு என்றார். உறை புதுசாக மின்னியது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. எடை பார்க்கும் சின்னத் தராசு கொண்டு போயிருந்தேன். நூற்று நாற்பத்திரண்டு கிராம், எடை சரி. பிறகு என் மீட்டரை எடுத்து வோல்ட் அளந்தேன்.

3.63.

அடுத்தது 3.62. அடுத்தது 3.63. சும்மா கிடக்கும் எல்.எஃப்.பி. செல் 3.3 பக்கம்தான் காட்டும். 3.6 காட்டுவது போனில் இருக்கும் அந்த இன்னொரு வகை. உறை மாற்றிய சரக்கு. நான் பயந்து வந்தது அப்படியே என் கையில் உட்கார்ந்திருந்தது.

சண்டை போடாமல் வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போட்டேன். இது எல்.எஃப்.பி. இல்லை, தீப்பிடிக்கிற சரக்குக்கு உறை மாட்டி விற்கிறீர்கள், இதை வாங்கிப் போய் எத்தனை பேர் வீட்டில் வைத்திருப்பார்கள், என் மகனுக்கு மூன்றரை வயசு என்று சத்தமாகவே பேசினேன். காப்பர் கம்பி எடை போட வந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாஸ்கருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா, யார்ட்ல வந்து நாலு பேரு முன்னாடி உறை மாத்துறேன்ற? ஸ்டெல்லா, மூடு தட்ட. வேணாம், இந்தம்மாவுக்கு வேணாம்."

ஸ்டெல்லா தட்டை மூடவில்லை. தன் மேசையில் இருந்த பெரிய மீட்டரில் அதே செல்லை வைத்தார். 3.29. அவருடைய மீட்டரை நான் ஏன் நம்ப வேண்டும்? அதையும் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"நம்ப வேணாம்." மேசை டிராயரிலிருந்து பிரிக்காத பென்சில் பேட்டரி பாக்கெட் ஒன்றை எடுத்து என்னிடமே கொடுத்தார். "நீங்களே பிரிங்க. உங்க மீட்டர்லயே பாருங்க. புது பென்சில் பேட்டரி எவ்ளோ காட்டணும்?"

"ஒண்ணு புள்ளி ஆறு."

என் மீட்டர் 1.76 காட்டியது.

அடுத்ததைப் பிரித்தேன். 1.77. உலகத்தில் எந்தப் புதுப் பென்சில் பேட்டரியும் 1.77 காட்டாது. ஸ்டெல்லா என் மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திரையின் மேல் மூலையில் நிலவன் ஒட்டிய புலி ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினார். அடியில் சின்ன பேட்டரி படம் மினுங்கிக்கொண்டிருந்தது. மீட்டருக்குள் இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி செத்துப்போகும் நிலை. அது பலவீனமானால் மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். இரண்டாம் வருட லேபில் படித்தது. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்!

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "பேட்டரி வாங்க வந்தவங்க மீட்டர்ல பேட்டரி இல்ல" என்றார். இன்னொருவர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். சிரிக்கட்டும் என்று நின்றேன். வேறென்ன செய்ய?

புது ஒன்பது வோல்ட் பேட்டரி மாட்டினோம். என் மீட்டரும் 3.29 காட்டியது. மன்னிப்புக் கேட்டேன். பாஸ்கர் அதற்குள் எடைமேடைக்குப் போய்விட்டார், காதில் வாங்கினாரா தெரியவில்லை.

இத்துடன் முடித்துக்கொண்டு எட்டு செல்லை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் என் மனசு அப்படி இல்லை. அந்தத் தீப்பிடிக்கிற வகையையும் கிட்டத்தட்ட காலியாக்கி வைத்தால் 3.29 காட்டும். அதை மெதுவாகச் சொன்னேன். ஸ்டெல்லா என்னை முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார் என்று தோன்றியது.

"கரெக்ட்டுதான். சார்ஜ் ஏத்திப் பாக்கலாம். மத்த வகையா இருந்தா சரசரன்னு மேல ஏறும். இது நவுராது. அதுக்குள்ள டீ குடிங்க."

நானே தேர்ந்தெடுத்த செல்லை மாட்டினார். அரை மணி நேரம். டீ கொண்டுவந்தவர் எனக்கு மட்டும் பிஸ்கெட்டையும் வைத்துவிட்டுப் போனார், பாஸ்கர் சொல்லி அனுப்பியதாம். செல் 3.35 வரை போய் அங்கேயே நின்றது. எல்.எஃப்.பி. தான். இன்ஜினியரிங் படித்தவளுக்கு அது போதும். அதை நம்பி முகமூடியை மகன் முகத்தில் வைக்கப்போகிறவளுக்குப் போதவில்லை. எழுந்திருக்காமல் செல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எடைமேடையிலிருந்தே பாஸ்கர் கத்தினார். "ஸ்டெல்லா! இன்னும் சந்தேகம் தீரலியா? ஆணி போட்டுக் காட்டிடு. இல்லன்னா இன்னிக்கு ஊட்டுக்குப் போகாது அந்தம்மா."

ஆணி என்பது அந்த யார்டின் வழக்கம். சந்தேகப்படும் ஆள் தட்டிலிருந்து எந்தச் செல்லை வேண்டுமானாலும் கைகாட்டலாம். பின்பக்கச் சுவர் ஓரம் மணல் டிரம்மில் அதைப் புதைத்து, ஆளுயரக் குழாய் வழியாகக் கனமான இரும்பு ஆணியை மேலிருந்து விடுவார்கள். ஆணி செல்லைத் துளைத்து உள்ளே போகும். தீப்பிடித்தால் முதலாளி தட்டையே எடுத்துவிடுவார், வந்துபோன செலவும் அவருடையது. தீப்பிடிக்காவிட்டால் செல்லுக்குக் காசு நம்முடையது. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள். அவர்கள் முகத்துக்குக் கவசம், சுற்றிலும் கான்கிரீட் என்று செய்கிற வேலை இது.

நான் ஒன்று கேட்டேன். "எரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஆணி எதையுமே எரிக்காதுன்னா?"

ஸ்டெல்லா பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் வானத்தைப் பார்த்தார். "எங்க இருந்தும்மா வந்த நீ? அந்த லேப்டாப் குப்பைல இருந்து ஒண்ணு எடு. மொதல்ல அத்த போட்டுக் காட்டு."

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த சின்னச் செல். 3.81 என்று நானே அளந்தேன். ஸ்டெல்லா எங்களைப் பதினைந்தடி தள்ளி நிறுத்தினார். ஆணி தொங்கிய கயிற்றை விட்டார். ஆணி இறங்கிய சத்தம், ஒரு சீறல், டிரம்மிலிருந்து கையளவு உயரத்துக்குத் தீ பீறிட்டது. நான் எப்போது பின்னால் போனேன் என்று தெரியவில்லை, முதுகு கேபிள் சுருளில் இடித்தது. மூன்று நான்கு வினாடிதான். மணல் கறுத்துவிட்டது.

பிறகு எனது செல். மூன்றாவது வரிசையில் ஐந்தாவது, நான்தான் கைகாட்டினேன். ஆணி இறங்கியது. புஸ்ஸென்று வெள்ளைப் புகை. தீ இல்லை. காத்திருந்தோம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தீ இல்லை.

"போதுமா சிஸ்டர்?" கவசத்தைத் தூக்கிவிட்டு ஸ்டெல்லா கேட்டார்.

தீ இல்லைதான். ஆனால் அந்தப் புகை காற்று திரும்பி எங்கள் பக்கம் வந்தது. நகப்பூச்சு வாடை மாதிரி ஒரு இனிப்பு நெடி, தொண்டையில் பிடித்தது. கால் நிமிடம் இருமினேன். எனக்கே இப்படி என்றால் என்று யோசித்தேன். அதுவரை தீ ஒன்றைத்தான் நினைத்திருந்தேன். எரியாத செல்லும் மூடிய அறையில், இழுப்பு உள்ள குழந்தை பக்கத்தில் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

அதைச் சொன்னபோது ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "எங்க அக்கா பையனுக்கும் வீசிங்தான். பொட்டிய ரூமுக்குள்ள வெக்காதீங்க. வெளிய வெச்சு ஒயர மட்டும் உள்ள இழுங்க. நல்ல செல்லுன்னாலும் அப்டித்தான் வெக்கணும். நாங்க லைன்ல அப்டித்தான் வெச்சிருந்தோம்."

எட்டு செல்லை ஒவ்வொன்றாக அளந்து எடுத்தேன். ஆணி போட்டதையும் சேர்த்து ஒன்பது, ஆயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய். ஸ்டெல்லா இரண்டு முனைகளுக்கும் டேப் ஒட்டி, அட்டைத் தடுப்பு வைத்துப் பெட்டியில் அடுக்கினார். பாஸ்கரிடம் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டேன். "குழந்தைக்குன்னு மொதல்லியே சொல்லியிருந்தா நானே ஆணி போடச் சொல்லியிருப்பேன்மா. சந்தேகப்படு, தப்பில்ல. கத்தாம சந்தேகப்படு" என்றார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் ஆட்டோவையும் அவர்தான் பிடித்துக் கொடுத்தார். அதே டிரைவர். "ஜீப்பு எதுவும் வராதே மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றிக்கொண்டார். 2.20 ரயில். பெட்டியை மடியில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியில் கைவைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டில் இருந்தவர் பொன்னேரி தாண்டியதும் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பேசின் பிரிட்ஜில் காத்திருந்தபோது வேறொன்று உறைத்தது. அதற்கு முந்தைய மாதம் திருவள்ளூர் கடை ஒன்றில் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் வாங்கி, 13.3 காட்டுகிறது என்று சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன். இதே மீட்டர். திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கு நீங்க கத்துனதக் கேட்டு இன்னும் ரெண்டு பேரு திருப்பிக் குடுத்தாங்கம்மா" என்றார். அந்த இரண்டு பேர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. உபரியாக ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி கேட்டேன். தன் மீட்டரில் வைத்து, அளவை எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

இனிப் போகிறவர்களுக்கு. சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு போங்கள், ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடிவிடுகிறார்கள். பத்து செல்லுக்குக் குறைவாக வாங்குபவர்களை அவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் விரட்டுவதில்லை. கேட்டைப் படம் எடுக்காதீர்கள். நான் எடுத்ததை அழித்துவிட்டேன், அதனால்தான் இந்தப் பதிவில் இல்லை. செல் உறையில் இருப்பதை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். மீட்டரையும் நம்பாதீர்கள். கிளம்புமுன் ஒரு புதுப் பென்சில் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். வாங்கிய செல்லை உடனே இணைக்காமல் பத்து நாள் சும்மா வைத்து தினமும் அளந்தேன், எட்டும் அசையவில்லை. முகத்துக்கு மாஸ்க் எடுத்துப்போவது நல்லது, தூசி அதிகம். குழந்தைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

பெட்டியை அறைக்கு வெளியே, நடைபாதை ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன். மூன்று மீட்டர் வயர் மட்டும் உள்ளே வருகிறது. மெஷின் எப்போதுமே பெட்டியிலிருந்துதான் ஓடும், ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் போடுவதில்லை. பெட்டிக்குள் ஒரு சூட்டுமானி, அதன் முகத்தை ஜன்னல் வழியாகத் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய் சாயங்காலம் நிலவனை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். 31 டிகிரி. 31. 32. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்லி என் தாடையைப் பிடித்துத் திருப்பினான். விரலை மேலே நீட்டினான். ஃபேன் நின்றிருந்தது. டியூப்லைட் அணைந்திருந்தது. கரண்ட் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் முகமூடிக்குள் புகை வந்துகொண்டிருந்தது. இன்னும் ஆறு நிமிட மருந்து பாக்கி இருந்தது. அதுவரை அவன் சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.